இல்லாத குடும்பத்தை வழியனுப்பிய தயா அண்ணை

தயா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி ஜெனீவாவில், ட்ராமுக்குள் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. அவருடைய மனைவி மனோகரி அக்காதான் தொலைபேசி எடுத்தார். "மஞ்சுளா, உங்கட அண்ணை விடிய எழும்பேல்லை" என்றார். இருதயம். நித்திரையிலேயே முடிந்துவிட்டதாம். நான் இறங்க வேண்டிய தரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. கடைசித் தரிப்பில் ஓட்டுநர் வந்து, "அம்மா, இதற்கு மேல் போகாது" என்று சொன்னபிறகே இறங்கினேன்.

அலுவலகத்துக்குப் போய், அவரை அறிந்த நகரங்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அறிவித்தேன். பதில்கள் வரத் தொடங்கின. நல்ல மனிதர், சிரித்த முகம், கழுத்துப்பட்டியை ஒருநாளும் மறக்காதவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். வடக்கே ஒரு நகரத்து அதிகாரி மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "குணரத்தினம் குடும்பத்துக்கும் எங்கள் அனுதாபத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது பெரிய இழப்பாக இருக்கும்."

அந்த வரியை இரண்டுதரம் வாசித்தேன். குணரத்தினம் குடும்பம் என்று ஒன்று இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. தயா அண்ணையோடு வேலை செய்தவர்களுக்கும், சண்டை பிடித்தவர்களுக்கும், அவருடைய கோப்பியைக் குடித்து வயிறு கெட்டவர்களுக்கும் இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். முழுவதும் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். இப்போது நான் மட்டும். அதனால் எழுதுகிறேன்.

அவர் இளவயதில் அகதியாக வந்தவர். எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பல வருடம் கோப்பை கழுவினார். பிறகு லொசான் பக்கம் வந்து, பிரெஞ்சு படித்து, ரெனானில் கொம்யூன் என்று நாங்கள் சொல்லும் உள்ளூராட்சி அலுவலகத்தில், புதிதாக வருபவர்களைக் கவனிக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். என் வேலை ஜெனீவாவில். குடியேறியவர்கள் வந்த இடத்தோடு இணைந்து வாழ என்ன செய்யலாம் என்று ஐரோப்பிய நகரங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. ஒரு நகரம் செய்வதை மற்ற நகரம் வந்து பார்க்கும். மூன்றாவது நகரம் அறிக்கை எழுதும். நான் அந்த அறிக்கைகளைச் சேர்த்துக் கட்டுவேன். சிரிக்கவேண்டாம், எனக்குச் சோறு போடுவது அதுதான்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் மாதிரி வீடு என்ற யோசனை வந்தது. வகுப்பறையில் வைத்து வீடு நடத்தப் படிப்பிக்காமல், உண்மையான மாடிவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து அங்கேயே படிப்பிப்பது. யன்னலை எப்படித் திறந்து காற்று விடுவது, குப்பையை எப்படிப் பிரிப்பது, கட்டடத்துச் சலவையறையில் தனக்குரிய முறை வரும்வரை எப்படிக் காத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமை எப்படி அடங்கி இருப்பது, எல்லாம். ரெனானில் ஸ்டேசனுக்குக் கிட்ட மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. பொறுப்பு தயா அண்ணைக்கு. மற்ற நாட்டு அதிகாரிகள் வந்து பார்த்துப்போவார்கள் என்றதும் மனிதர் புதிதாக இரண்டு கழுத்துப்பட்டி வாங்கினார்.

முதல் சிக்கல் வாசல் மணி. பெயரில்லாத மணி இருக்கக்கூடாது என்று கட்டட நிர்வாகக் கம்பனி சொல்லிவிட்டது. திட்டத்தின் பெயரைப் போடுவோம் என்றார்கள் கொம்யூன்காரர்கள். தயா அண்ணைக்குக் கொதி வந்துவிட்டது. "வீட்டுக் கதவிலை திட்டம் எண்டு எழுதினால் அது வீடோ? ஆக்கள் இருக்கிற மாதிரி இருக்கவேணும்." அடுத்தநாள் மணியிலும் தபால்பெட்டியிலும் குணரத்தினம் என்று பெயர்த் தகடு பூட்டியிருந்தது. யாரது என்று கேட்டேன். "ஒருத்தருமில்லை. வாயிலை வந்த பேர்."

பெயர் இருந்ததால் சலவையறை முறையிலும் அந்தப் பெயரே ஏறியது. இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டடத்தில் யார் எந்த நாள் உடுப்புத் தோய்ப்பது என்பது இங்கே சாமி காரியம். குணரத்தினத்துக்கு வியாழன் காலை. வெறும் மெசினைக் காட்டி என்னத்தைப் படிப்பிக்கிறது என்று சொல்லி, தயா அண்ணை மனோகரி அக்காவின் பழைய பருத்திச் சேலை, தன்னுடைய சேட்டு, யாரோ தானம் கொடுத்த சின்னப்பெண்ணின் சட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து தோய்த்து, காயப்போடும் அறையில் கொழுவினார். வகுப்பு இல்லாத வியாழனும் செய்தார். முறையை வெறுமையாக விட்டால் சனம் கதைக்கும் என்பார்.

அந்த உடுப்புகளைப் பார்த்துத்தான் கட்டடத்துக்கு ஒரு குடும்பம் உண்டானது. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை.

இரண்டாம் மாடியில், அந்த வீட்டுக்கு நேர் கீழே, மதாம் றோஷா என்ற வயோதிப மாது இருந்தார். ஒருநாள் அவர் படியில் தயா அண்ணையை மறித்து, "மேலே நல்ல மனிதர்களைக் குடிவைத்திருக்கிறீர்கள். ஒரு சத்தம் கேட்பதில்லை" என்று சொன்னாராம். தயா அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "பாரும் மஞ்சுளா, இல்லாத ஆக்கள் சத்தம் போடமாட்டினம்தானே!"

பிறகு கட்டடத்தைப் பராமரிக்கும் போர்த்துக்கல்காரர், மிஸ்யூ குணரத்தினம் தனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றார். முதலாம் மாடியில் ஒரு தாய், அந்தப் பிள்ளைக்கு நீளப் பின்னல், ஆனால் கூச்ச சுபாவம் என்றார். தயா அண்ணை ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்வார். ஒவ்வொரு முறையும் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. ஆட்கள் மாறி நினைத்திருப்பார்கள், கட்டடம் முழுக்க வெளிநாட்டுச் சனம்தானே என்று நான் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். அவர் ஓம் ஓம் என்று இரண்டுதரம் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். அது உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது நான் என் கண்ணால் கண்டது. பனி கொட்டிய ஒரு மத்தியானம். வெளியே ஒரே வெள்ளை, வீட்டுக்குள் விளக்கே தேவைப்படவில்லை. பல நகரங்களில் இருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். எல்லோரும் முன்னறையில் இருக்க, தயா அண்ணை குப்பைப் பைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வடக்கே இருந்து வந்த அந்த உயரமான பெண் அதிகாரி, இப்போது அனுதாபம் எழுதியவர், இருமலோடு எழும்பிக் குசினிப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கையில் தண்ணீர்க் கிளாசோடு திரும்பிவந்தார். "அந்த அம்மா தந்தார். எவ்வளவு மெதுவாகக் கதைக்கிறார்! அழகான பிரெஞ்சு" என்றார்.

தயா அண்ணை பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். ஒருவரும் இல்லை. யன்னல் மட்டும், நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலவே, அரைகுறையாக இல்லாமல் முழுதாகத் திறந்திருந்தது. அதன் கீழே வெப்பமூட்டியை நிறுத்தியிருந்தது. அதையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நான் யன்னலைச் சாத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் யாரோ எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

எல்லோரும் போனபிறகு அவரைப் பிடித்து உலுப்பினேன். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஆரையேன் களவாக் கொண்டுவந்து வைச்சிருக்கிறீங்களோ?"

"சத்தியமா இல்லை."

"அப்ப அந்த மனுசிக்கு ஆர் தண்ணி குடுத்தது?"

அவர் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "தட்டாமல் உள்ளுக்கு வந்தது எங்கட பிழை."

அன்று தொடக்கம் அவர் மணி அடித்து, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார். மனோகரி அக்கா ஒருநாள் என்னிடம் குறைப்பட்டார். "இந்த மனுசன் வீட்டிலை எங்களோட ரெண்டு வார்த்தை கதைக்காது. அங்கை போய் ஆரோட கதைக்குதோ தெரியேல்லை."

இதற்கிடையில் நகரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கைநூல் போடுவது என்று முடிவாயிற்று. அதில் நல்ல எடுத்துக்காட்டாகக் குணரத்தினம் குடும்பத்தைச் சேர்க்கவேண்டும் என்று வந்து பார்த்த அதிகாரிகள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். அயலவர் மெச்சும் குடும்பம், விதி மீறாத குடும்பம். ஜெனீவாக் கூட்டத்தில் தயா அண்ணை எழும்பி, மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கவேண்டும், அப்படி ஒரு குடும்பம் இல்லை. அது மணிக்குப் போட்ட பெயர்." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், பெயரை எப்படியும் மாற்றித்தான் போடுவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து தயா அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "இல்லை எண்டு சொல்லுறன், பேரை மாத்துறம் எண்டு சொல்லுகினம்! விசரர்களோ இவை?"

திட்டம் முடிந்தது. வீட்டைக் கம்பனிக்குக் கையளிக்கும் நாளில் ஒருவர் வந்து சுவர், தரை எல்லாம் பரிசோதித்தார். கதவோரச் சுவரில், சின்னப்பிள்ளையின் கை உயரத்தில் சுவர் மங்கியிருந்தது. அங்கே ஒரு பிள்ளையும் வந்ததில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். "மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு வழக்கமான தேய்மானம்தான். துப்புரவான ஆட்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்த வீட்டைச் சுபாவுக்கு எடுத்துக் கொடுக்கத் தயா அண்ணை நாயாய்ப் பேயாய் அலைந்தார். சுபாவை உங்களில் பலருக்குத் தெரியும். புருசனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு அகதி முகாமில் இருந்தவள். அவளிடம் இருந்தது எஃப் விசா. தற்காலிகமாக இரு என்று விடுவது, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். அதை வதிவிட உரிமை தரும் பி விசாவாக மாற்ற ஒரு வீடு வேண்டும், வேலை வேண்டும், இவள் இந்த ஊரோடு நன்றாக இணைந்துவிட்டாள் என்று கொம்யூனும் சொல்லவேண்டும். வேலை கிடைத்துவிட்டது, ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். வீடும் வந்தது. இனி எல்லாம் சரி என்று நினைத்தோம்.

சுபாவின் பிள்ளைகள் வாய் மூடாத பிள்ளைகள். மூத்தவள் துர்க்கா பாடுவாள், சின்னவள் கயல் ஓடுவாள், தாய் இரண்டுபேரையும் கத்துவாள். ஒரு மாதம் போகவில்லை, கம்பனிக்கு முறைப்பாடு போய்விட்டது. அதுவும் ஒருவர் இருவர் அல்ல, கட்டடமே கேட்டது: குணரத்தினம் குடும்பத்தை ஏன் அனுப்பினீர்கள்? அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாதா? கம்பனி சுபாவுக்கு எச்சரிக்கை விட்டது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வீடு போகும். வீடு போனால் விசா போகும். அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவள் வேலையிடத்து உடுப்போடே கொம்யூனுக்கு வந்து தயா அண்ணையின் முன்னால் இருந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அண்ணை, அவை இன்னும் போகேல்லை."

"ஆர் பிள்ளை?"

"எனக்கு முன்னாலை இருந்தவை. வியாழக்கிழமை நான் கீழை போறதுக்கு முன்னம் ஆரோ மெசினைத் துடைச்சு வைச்சிருக்கினம். விடிய எழும்பினால் யன்னல் எல்லாம் திறந்து கிடக்குது. அதைக்கூட விடுங்கோ. பிள்ளையள் கதைக்கிறேல்லை அண்ணை. வீட்டுக்குள்ளை குதிக்கால் நிலத்திலை படாமல் நடக்குதுகள். ஏன் எண்டு கயலைக் கேட்டன். அந்த அக்கா சத்தம் போடவேண்டாமாம் எண்டு சொல்லுறாள். எந்த அக்கா எண்டு கேட்டால், பின்னல் போட்ட அக்காவாம்."

தயா அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவர் அதைத் தளர்த்தி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"பயந்திட்டாளோ?" என்று கேட்டார்.

"அதுதான் இல்லை அண்ணை. அவளுக்கு அவையைப் பிடிச்சிருக்குது. எனக்கு அதுதான் பயம்."

அடுத்த கிழமை அவர் கட்டடத்தின் கீழ்மண்டபத்தில் அயலவர்களைக் கூட்டி உண்மையைச் சொன்னார். அப்படி ஒரு குடும்பம் வாழவில்லை, சலவை தோய்த்தது நான், பெயர் என் கற்பனை என்றார். மதாம் றோஷா மிகவும் அன்பாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல, "மிஸ்யூ தயா, அவர்களுடைய மகளின் பிறந்தநாள் கேக்கை நான் சாப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

"என்ன கேக்?"

"தேங்காய் போட்டது. ஏலக்காயும்."

சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு ஏதோ விசாப் பிரச்சினை, அதனால் இவர் மறைக்கிறார் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வது எனக்குக் கேட்டது. தயா அண்ணை அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"மஞ்சுளா, இல்லாத ஆக்களை இல்லை எண்டு சொல்லி அனுப்பேலாது. இருக்கிற ஆக்களைப் போலத்தான் அனுப்பவேணும்" என்றார், ஸ்டேசனுக்கு நடக்கும்போது. எனக்கு எரிச்சல். "என்ன, ஐயரைக் கூப்பிடப்போறீங்களோ?" என்றேன். "அவை இந்த நாட்டு விதிப்படி வந்தவை. இந்த நாட்டு விதிப்படிதான் போவினம்" என்றார். அவர் பகிடி விடவில்லை.

வீடு மாறிப் போகிறவர்கள் அயலவரைக் கூப்பிட்டு வைனும் சிற்றுண்டியும் கொடுப்பது இங்கே வழக்கம். தயா அண்ணை குணரத்தினம் குடும்பத்தின் பெயரில் அந்த அப்பெரோவை வைத்தார். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் மேசை போட்டு, மனோகரி அக்கா பொரித்த ரோல்சும் பற்றிசும் அடுக்கி, உள்ளூர் வெள்ளை வைனும் வைத்திருந்தது. ஒருவர் தவறாமல் வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, தாய்க்கு ஒரு பூச்செடி, தகப்பனுக்குச் சொக்லற். அவர்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "எங்கடினில் ஹோட்டல் வேலை கிடைத்துவிட்டது, முன்னால் போய்விட்டார்கள்" என்றார் தயா அண்ணை. ஆகா, நல்ல இடம், நல்ல காற்று என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். மதாம் றோஷா கண்ணைத் துடைத்தார். தயா அண்ணை அவர்களுடைய சார்பில் நன்றியுரையும் சொன்னார். அப்படி ஒரு உரையை அவர் எந்த மாநாட்டிலும் சொன்னதில்லை. யாருக்காக அழப் போகிறோம் என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

பிறகு எல்லோருக்கும் முன்னால், திருகாணியைக் கழற்றி, அதுவரை கதவில் அப்படியே கிடந்த குணரத்தினம் என்ற தகட்டை எடுத்தார். சுபாவின் பெயரைத் துர்க்கா ஒட்டினாள். சனம் கலைந்து தங்கள் தங்கள் வீடுகளுக்குள் போனபிறகு, திறந்திருந்த கதவைப் பார்த்து, உள்ளே யாருக்கோ, "போங்கோ" என்றார். போட்டு வாங்கோ என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரையும் திரும்பி வா என்று சொல்லாமல் அனுப்புவதில்லை. பகைவனையும் அப்படி அனுப்பமாட்டோம்.

அந்தப் படிக்கட்டுக்கு யன்னல் கிடையாது. ஆள் நடந்தால் மட்டும் தானாக எரியும் விளக்குகள். நாங்கள் இருவரும் மேசையருகே அசையாமல் நின்றோம். இரண்டாம் மாடி விளக்கு எரிந்தது. பிறகு முதலாம் மாடி. பிறகு வாசல். ஒரு காலடிச் சத்தம் கேட்கவில்லை. தயா அண்ணை என் கையைப் பிடித்திருந்தார்.

அன்று ஸ்டேசனில் ரயில் பிந்தியது. அப்போதுதான் சொன்னார். "எங்கடினிலை எனக்குத் தந்த முதல் வேலை கோப்பை கழுவுறதில்லை மஞ்சுளா. கம்பளி அடி வைச்ச செருப்பு ஒண்டைத் தந்து, வேலைக்காரர் நடக்கிற ஒழுங்கையிலை மேலையும் கீழையும் நடக்கச் சொன்னவை. விருந்தாளிக்கு எங்கட சத்தம் கேக்கக்கூடாதாம். நான் நல்லாப் படிச்சிட்டன். பிறகு என்னாலை சத்தமா நடக்கவே ஏலாமல் போச்சு. மனோகரி எத்தினைதரம் நான் பின்னாலை வந்து நிண்டதைக் கண்டு பயந்து கத்தியிருக்கிறா. நான் அந்த வீட்டிலை குடிவைச்சது ஆரை எண்டு இப்பத்தான் எனக்கு விளங்குது."

ரயில் வந்தது. நாங்கள் அதைப்பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

சுபா வீட்டில் மெல்ல மெல்லச் சத்தம் திரும்பி வந்தது. மதாம் றோஷா சத்தம் தாங்காமல் தன் வீட்டு முகட்டில் தடியால் தட்டத் தொடங்கினார். ஆனால் அவர்கள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதால் அவருக்கும் மனம் ஆறியிருக்க வேண்டும். முறைப்பாடு எழுதவில்லை.

கடைசியாக அவர் செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். சுபாவின் விசாவுக்காகக் கொம்யூனில் நேர்காணல். துணைக்குத் தயா அண்ணை போனார். நேர்காணல் எடுத்த அதிகாரி விலாசத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாராம். "இந்த வீடா? கைநூலில் வந்திருக்கும் குடும்பம் நீங்கள்தானே? உங்களுக்கு நான் என்ன கேள்வி கேட்பது!" சுபா ஓம் என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவளுக்கும் வாய்வரை வந்ததாம். தயா அண்ணைதான் குறுக்கே விழுந்தார்.

"இல்லை. அந்தக் குடும்பத்தை உண்டாக்கியது நான். அவர்களிடம் ஒரு குறையும் காணமாட்டீர்கள், உயிரில்லாதவர்கள். இந்தப் பெண் பிள்ளைகளைக் கத்துகிறாள். சலவை முறையில் சண்டை பிடிக்கிறாள். வேலைக்கு ஓடுகிறாள், ரயிலைத் தவறவிடுகிறாள், அயலவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள், திரும்பவும் கத்துகிறாள். இவள் இங்கே இருக்கிறாள். இவளுக்குத் தாருங்கள்."

சுபா வெளியே வந்து அவரைத் திட்டித் தீர்த்தாளாம். "வந்ததைத் தட்டிவிட்டிட்டீங்களே அண்ணை! உங்களுக்கு என்ன வந்தது?" அவர் சொன்ன பதிலை அவளே எனக்குச் சொன்னாள். "உன்ரை பிள்ளையளுக்கு விசா வேணும். அவையின்ரை விசா வேண்டாம்." அதற்குப்பிறகு ஒரு மாதத்துக்கு அவள் அவரோடு கதைக்கவில்லை. அவர் காலமான மறுநாள் பி விசா வந்தது. மூவருக்கும்.

செத்தவீடு லொசானில் நடந்தது. சுடலை மண்டபத்தில் பக்கத்து அறையில் வேறொருவருடைய கிரியை. சத்தம் போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். தேவாரம்கூட வாய்க்குள்தான் பாடினோம். ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றார்கள். மனோகரி அக்கா பெட்டியின் அருகே நேராக, கண்ணீர் ஒன்று விழாமல் நின்றார். எவ்வளவு பண்பான சனம் என்று மண்டப ஊழியர் ஒருவர் மெச்சிவிட்டுப் போனார்.

மதாம் றோஷா வந்திருந்தார். என் கையைப் பிடித்து, காதருகே குனிந்து, "குணரத்தினம் குடும்பமும் வந்திருக்கிறது, கண்டீர்களா? கடைசி வரிசையில். பாவம், எப்போதும் போல ஒரு சத்தம் இல்லை" என்றார்.

நான் திரும்பவில்லை. திரும்பத் தேவைப்படவில்லை. அந்த மண்டபத்தில் எல்லோருமே அப்படித்தான் நின்றோம். யார் உயிரோடு இருப்பவர், யார் இல்லாதவர் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி நின்றோம். எனக்கு அப்போது வந்த பயம் போல ஒரு பயம் அந்தக் குசினியிலும் வரவில்லை.

பெட்டியை உள்ளே தள்ளும் நேரம் வந்தது. கயல் தாயின் கையை உதறிக்கொண்டு ஓடினாள், சப்பாத்து தரையில் அடிக்க. "தயா மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சுபா, "பொத்தடி வாயை" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தி, கத்திய வாயோடே அழத்தொடங்கினாள். அதோடு மனோகரி அக்கா உடைந்தார். "என்ரை ஐயோ, சொல்லாமல் கொள்ளாமல் போட்டியே" என்று நெஞ்சில் அடித்துக் குழறினார். பிறகு எல்லோரும். நானும். என் வயதுக்கும் உத்தியோகத்துக்கும் பொருந்தாத பெருஞ்சத்தத்தில் அழுதேன்.

தயா அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது அதுதான்: அந்தச் சத்தம். யாரோ வெளியே இருந்து எங்கள் மண்டபத்துக் கதவை மெல்லச் சாத்தினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.